உங்களுக்குத் தெரியுமா? நான்காம் முறை உதித்த நிலவு

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய ‘ப்ளூ மூன்’ (2025) படத்தில் சண்டையும் இல்லை, துரத்தலும் இல்லை. கிட்டத்தட்ட முழுப் படமும் ஓர் இரவு, ஓர் உணவகம், ஓயாத பேச்சு. இடம் நியூயார்க்கின் சார்டீஸ். நாள் 1943 மார்ச் 31. பேசுபவர் பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு இணைந்திருந்த இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஹார்ட்டின் குடியால் சலித்து, வேறொரு பாடலாசிரியரான ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனோடு கைகோத்து உருவாக்கிய ‘ஓக்லஹோமா!’ அன்றுதான் அரங்கேறியது. பிராட்வேயில் 2,212 காட்சிகள் ஓடிய இசை நாடகம் அது. பழைய கூட்டாளியின் வெற்றியைச் சிரித்த முகத்தோடு வாழ்த்த வேண்டிய அந்த இரவைவிடக் கொடுமையான காட்சி வேண்டுமா?

ஹார்ட் ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவராக நடித்திருப்பவர் நெடிய ஈத்தன் ஹாக்! ராட்ஜர்ஸாக வரும் ஆண்ட்ரூ ஸ்காட், பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது வென்றார்.

படத்துக்குப் பெயர் தந்த பாடலின் கதை இன்னும் சுவையானது. ஹாலிவுட்டுக்காக ராட்ஜர்ஸ் போட்ட ஒரு மெட்டுக்கு ஹார்ட் மூன்று முறை வெவ்வேறு வரிகள் எழுதியும் எடுபடவில்லை. நான்காவதாக, 1934இல் எழுதியதே ‘ப்ளூ மூன்’.

‘ஓக்லஹோமா!’ அரங்கேறிய எட்டாவது மாதம், 1943 நவம்பர் 22 அன்று, நிமோனியாவால் ஹார்ட் இறந்தார். வயது 48.