வண்டியின் நோயும் பட்டறையின் கணக்கும்

உத்தியோகத்தின் பொருட்டு மும்பைக்கும் புனேக்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நம்மவர் பலருடைய இல்லங்களில் மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், விடுமுறையில் ஊர் போய்வருவதற்கும் அதுவே துணை. ஆயினும் வண்டி நோயுற்றுப் பட்டறை வாசலில் நிற்கும் நாளில், அலுவலகத்தில் பலரை ஆளும் அன்பரும் வாயடைத்துப் போகிறார். இயந்திரம் அறியாமை ஒரு பாதி. அயல்மொழியில் வாதாடக் கூச்சம் மறு பாதி. இவ்விரண்டுக்கும் சேர்த்தே பல வேளைகளில் நாம் பணம் கட்டுகிறோம்.

இதற்கு முதல் மருந்து ஒன்றுண்டு. மருத்துவரிடம் நாம் நோவைச் சொல்கிறோமேயன்றி மருந்தைச் சொல்வதில்லை. பட்டறையிலும் அவ்வாறே நடந்துகொள்ளல் வேண்டும். “பாட்டரியை மாற்றுங்கள்” என்று நாமே கூறினால், மாற்றிவிட்டுப் பணம் வாங்குவார்கள். பழுது வேறிடத்தில் இருந்தால் பழி நம்மைச் சாரும். “காலையில் வண்டியைக் கிளப்பினால் டக் டக் என்ற ஒலி மட்டும் வருகிறது, விளக்கு மங்குகிறது” என்று அறிகுறியை மட்டும் கூறுங்கள். எப்போது, எந்த வேகத்தில், குளிர்ந்த நிலையிலா சூடேறிய பின்னா என்பவற்றையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

சில அறிகுறிகளை நாமே அறியலாம். மேற்சொன்ன டக் டக் ஒலி, பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்ததையோ அதன் முனைகளில் உப்புப் பூத்ததையோ காட்டும். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; எஞ்சின் ஓடுகையில் அது 14 வோல்ட்டை ஒட்டி உயரும். உயராவிடில், பாட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

புகையும் பேசும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்ததையும் காட்டும். சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நீங்காமல், கூலண்ட்டும் குறைந்துவந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். வண்டிக்கடியில் ஈரம் கண்டால் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். தெளிந்த நீர் ஏ.சி.யிலிருந்து வடிவது, அஞ்ச வேண்டியதில்லை. கறுத்த எண்ணெயோ நிறமுள்ள கூலண்ட்டோ சொட்டினால் தாமதியாதீர்கள். பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது.

எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். வெப்பமுள் சிவப்பைத் தொட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்குக்குப் பட்டறையில் கருவி பொருத்திக் குறியீடு காண்பர். அக்குறியீடு திசைகாட்டியேயன்றித் தீர்ப்பன்று. ஒரு சென்சாரின் பெயர் வந்தாலும், குறை அதற்குச் செல்லும் வயரில் இருக்கலாம். ஆகையால், “மாற்றுமுன் சோதித்தீர்களா?” என்று கேளுங்கள்.

இனி, பட்டறையில் பேசும் முறை. நம் குறைகள் அனைத்தும் ஜாப் கார்டில் எழுதப்பட்டனவா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்; ஒரு பிரதியும் கேட்டுப் பெறுங்கள். “ஜெனரல் செக்கப்” என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். வாரண்டிக் காலத்திலேயே குறை தோன்றிற்று என்பதற்கு, தேதியிட்ட அக்காகிதமே பிற்காலத்தில் சாட்சி. எஞ்சின் ஃபிளஷ் போன்ற உபரி வேலைகளைப் பரிந்துரைத்தால், வண்டியுடன் வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாததற்குக் காரணம் கேளுங்கள்.

இந்தி வழங்கும் ஊர்களில் இரண்டு வாக்கியங்கள் போதும். “காம் ஷுரூ கர்னே சே பஹ்லே கர்ச்சா லிக்கர் தீஜியே” என்றால், வேலை தொடங்குமுன் செலவை எழுதித் தாருங்கள் என்பது. “புரானே பார்ட்ஸ் வாபஸ் தீஜியே” என்றால், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள் என்பது. வாரண்டியில் மாற்றிய பாகங்களை நிறுவனமே வைத்துக்கொள்ளும் வழக்கமுண்டு. நாம் பணம் கொடுத்து மாற்றியவற்றைத் தயங்காது கேளுங்கள்.

இவ்வளவுக்கும் இணங்காவிடில் சட்டம் துணைநிற்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இடம் மாறி வாழும் நம் போன்றோர்க்குப் பெருநன்மை செய்துள்ளது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையில் வாங்கிய வண்டிக்கு நாக்பூரிலிருந்து முறையிட இயலும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது காகிதமே. ஆகவே ஜாப் கார்டு, மதிப்பீடு, ரசீது ஆகிய மூன்றையும் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பர் நம் பெரியோர். வேற்றூரில் அவ்வாய்க்குக் காகிதமும் துணையாகட்டும்.