ஆற்று நீரை அளப்பது எப்படி?

"ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு 16,000 கன அடி" என்பது போன்ற செய்திகளை மழைக்காலத்தில் படித்திருப்பீர்கள். நில்லாமல் ஓடும் ஆற்றை எந்தப் படியால் அளந்தார்கள்?

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் பிலிகுண்டுலு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களில் ஆற்றோரமாக அளவுகோல் நட்டு, நீர்மட்டத்தைக் குறிப்பார்கள். ஆனால் மட்டம் உயரத்தை மட்டுமே சொல்லும். வினாடிக்கு எவ்வளவு நீர் கடக்கிறது என்றறிய, ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தரையிலும் கரையிலும் உராய்வதால் அங்கே நீர் மெதுவாகச் செல்கிறது. நடு ஆற்றில் விரைகிறது. ஆகவே ஆற்றின் அகலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆழத்தையும் வேகத்தையும் தனித்தனியே அளக்கிறார்கள். வேகத்தை அளப்பது நீரோட்டமானி. நீரின் வேகத்திற்கேற்ப அதன் கிண்ணச் சக்கரம் சுழலும். மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே காணும் வேகம், ஏறக்குறைய அப்பகுதியின் சராசரி வேகமாகும். எல்லாப் பகுதிகளின் ஓட்டத்தையும் கூட்டினால் ஆற்றின் ஓட்டம் கிடைத்துவிடும்.

பல்வேறு மட்டங்களில் இவ்வாறு அளந்து வரைபடம் வரைந்துகொண்டால், பிறகு மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைக் கூறலாம். ஆயினும் வெள்ளம் ஆற்றுப் படுகையை அரித்தாலோ மணலைக் குவித்தாலோ பழைய வரைபடம் பொய்த்துவிடும். மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான மழை ஆண்டில் 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அளவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை நேர்ந்தால், ஏறத்தாழ 9 டி.எம்.சி. கணக்கில் தவறிவிடும்! மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான்.

நீங்களும் பெரியவர் துணையுடன் ஒரு வாய்க்காலை அளந்து பாருங்கள். கரையில் 10 மீட்டர் குறித்து, ஒரு மரத்துண்டை மிதக்க விடுங்கள். அது 20 வினாடியில் கடந்தால், மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். இதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் தோராயமாக 0.425 மீட்டர். வாய்க்காலின் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.5 மீட்டர் என்றால், பரப்பு 1 சதுர மீட்டர். ஆகவே வினாடிக்கு 425 லிட்டர், அதாவது சுமார் 15 கன அடி நீர் ஓடுகிறது.

உங்கள் ஊர் வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது?