எச்சிலில் ஊறிய பீர்

மக்காச்சோள மாவை லேசாக ஈரப்படுத்தி, சிறு உருண்டையாகப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது. நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்திப் புரட்டி, எச்சில் நன்றாக ஊறியதும் எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததை வெந்நீரில் கரைத்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மண்பானையில் சில நாள் புளிக்கவிட்டால் சிச்சா தயார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் இன்கா பேரரசுக்கு முன்பிருந்தே குடித்துவரும் பீரின் பழைய செய்முறை இது.

முகம் சுளிக்க வேண்டாம். இதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஈஸ்ட்டுக்குத் தேவை சர்க்கரை. பனையிலும் தென்னையிலும் இறங்கும் சாற்றில் அது தயாராகவே இருப்பதால், சும்மா விட்டாலே கள்ளாகிவிடும். தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்ட் தொடாது. யாராவது முதலில் சர்க்கரையாக உடைத்துத் தர வேண்டும். ஐரோப்பியர்கள் பார்லியை முளைகட்டினார்கள். ஜப்பானியர்கள் அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்த்தார்கள். ஆண்டிஸ் பெண்கள் தங்கள் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்சைமையே பயன்படுத்தினார்கள். வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால்தான். பிறகு கொதிக்கவைப்பதால், எச்சிலில் வந்த கிருமிகள் செத்துப்போகும்.

இந்த யோசனை ஆண்டிஸில் மட்டும் உதித்ததல்ல. அமேசான் காடுகளில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை மென்று மசாட்டோ செய்கிறார்கள். ஜப்பானிலும் அரிசியை மென்று செய்யும் மது இருந்தது. 2016-ல் வந்த ‘யுவர் நேம்’ அனிமே படத்தின் கதையில் ஒரு முக்கியத் திருப்பமே அதனால்தான் வருகிறது.

இன்கா ஆட்சியில் நாணயம் இல்லை. மக்கள் வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள். சாலை போட்டார்கள், மதில் கட்டினார்கள். பதிலுக்கு அவர்களுக்குச் சாப்பாடும் சிச்சாவும் தருவது அரசின் கடமை. அரசுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் தனி வளாகங்களில் தங்கி, துணி நெய்ததோடு சிச்சாவும் காய்ச்சினார்கள். குடிக்கும் குவளைக்கு கெரோ என்று பெயர். அதை ஜோடியாகத்தான் செய்வார்கள்: ஒன்று ஊற்றுபவருக்கு, மற்றது விருந்தாளிக்கு.

இன்காக்களுக்கு முன் ஆண்ட வாரி மக்கள், தெற்கு பெருவில் செரோ பாவுல் என்ற மலையுச்சியில் சிச்சா காய்ச்சும் பெரிய கூடமே வைத்திருந்தார்கள். கி.பி. 1000 வாக்கில் அந்த இடத்தைக் காலிசெய்தபோது, கடைசியாக ஒரு விருந்து நடத்தி, அந்தக் கூடத்துக்குத் தீவைத்து, கெரோக்களை நெருப்பில் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே அகழாய்வில் பெண்கள் சால்வையில் குத்தும் ஊசிகள் கிடைத்தன. காய்ச்சியவர்கள் பெண்கள் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டியது அவற்றை வைத்துத்தான்.

சிச்சாவுக்கு எதிரிகளும் உண்டு. கொலம்பியாவில் அது ஏழைகளின் புத்தியை மழுங்கடிக்கிறது என்று சுவரொட்டிகள் ஒட்டினார்கள். 1948 ஏப்ரலில் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டதும் தலைநகர் பொகோட்டா கலவரத்தில் பற்றி எரிந்தது. பழியில் ஒரு பங்கு சிச்சாவின் தலையில் விழுந்தது. புளித்த பானங்களை ஆலையில் தயாரித்து, மூடிய கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. பானையில் காய்ச்சி விற்றவர்கள் ஆலைக்கு எங்கே போவார்கள்? இன்று அதே பொகோட்டாவின் லா பெர்செவெரான்சியா பகுதியில் சிச்சாவுக்குத் திருவிழா நடக்கிறது.

பெருவில் இப்போது பெரும்பாலும் முளைகட்டிய மக்காச்சோளம்தான். மெல்லும் வேலை மிச்சம். கூஸ்கோ பக்கத்துக் கிராமங்களில் நீளக் கழியின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை ஆடினால், அந்த வீட்டில் சிச்சா இருக்கிறது என்று பொருள். பெரிய கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார்கள். போதை நம் ஊர்க் கடை பீரைவிடக் குறைவு. முதல் சில துளிகள் பூமித்தாய் பச்சமாமாவுக்கு. ஓரிரு நாளில் புளிப்பேறிவிடுவதால் கப்பலேற்றி விற்க வழியில்லை. உலகச் சந்தை சிச்சாவைக் கண்டுகொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். அது இன்னமும் அந்த ஊர்ப் பெண்களின் தொழிலாகவே இருப்பதற்கும்.