கணக்கறிந்தவரா, ஆட்டம் அறிந்தவரா?

விளையாட்டுக் கழகமொன்றின் பிரதம நிருவாகி விலகும்போது, அவ்விடத்துக்கு உரியவர் கணக்கறிந்தவரா, ஆட்டம் அறிந்தவரா என்று ரசிகர்கள் வாதிடுவது வழக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைற்றட் உதைபந்தாட்டக் கழகத்தில் 2003 முதல் 2013 வரை அப்பதவியை வகித்த டேவிட் கில் ஒரு கணக்காளரே. ஆயினும் கழகம் வெற்றிமேல் வெற்றி கண்டது. ஏன்? வீரரின் தகுதியை முகாமையாளர் அலெக்ஸ் பெர்குசன் நிறுத்தார். விலையைக் கில் பேசினார். 2013 கோடையில் இருவரும் ஒருங்கே விலகினர். கில்லின் இடத்துக்கு வங்கித்துறையில் பணியாற்றிய எட் வூட்வர்டும், பெர்குசனின் இடத்துக்கு டேவிட் மோயசும் வந்தனர். முதலிடத்திலிருந்த கழகம் அடுத்த பருவத்தில் ஏழாமிடத்துக்கு இறங்கிற்று. வூட்வர்ட் 2022இல் விலகிய வேளையிலும் பழைய வாதமே எழுந்தது. ஆசனத்தில் அமர்பவர் யாரென்பது பாதி வினாவே. அவர் அருகிருந்து ஆட்டத்தை அளந்துரைப்பவர் யாரென்பது மறுபாதியாகும்.