உங்களுக்குத் தெரியுமா? தலையில் அடிபட்டால் யார் செலவு?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிச் சாலையில் வேனும் பைக்கும் முண்டியடிக்கும். கிளம்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

★ தமிழ்நாட்டு எல்லைக்குள் எங்கே சாலை விபத்தில் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும்தான். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இது. ஆரம்பத்தில் 1 லட்ச ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சம் ஆனது. வருமானச் சான்று தேவையில்லை. ஆரியங்காவு தாண்டிக் குளிக்க வந்த கேரளக்காரருக்கும் இது உண்டு.

★ ஆனால் அருவிக்கரைப் பாறையில் வழுக்கி மண்டை உடைந்தால் அது சாலை விபத்து ஆகாது. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சீசனுக்கு வரும்போது அட்டையின் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

★ அடிபட்ட மூளையில் வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது 48 மணி நேரம் முடிகிற வேளையில்தான் ஐசியூ செலவு ஏறத் தொடங்கும். தனியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பங்கள் தாலிச்செயினைக் கழற்றுவது இந்த நேரத்தில்தான். மூன்றாம் நாள் வரை காத்திராமல், சேர்த்த அன்றே காப்பீட்டு கவுன்டரில் போய் நில்லுங்கள். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

★ தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய தலைக்காயம் என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்து நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். ஸ்கேன் இல்லாத இடம், ஸ்கேன் இருந்தும் மூளை அறுவை மருத்துவர் இல்லாத இடம் என்று அலைந்தால் பணம் போவது இருக்கட்டும், நேரம் போய்விடும். 108-ல் ஏறியதும் கேட்கவேண்டிய கேள்வி: “ஸ்கேனும் நியூரோ டாக்டரும் ஒரே இடத்தில் எங்கே?”

★ “கண்ணைத் திறங்க... பேர் என்ன?... என் கையை அமுக்குங்க.” நர்ஸ் இப்படிக் கேட்பது வெறும் பேச்சல்ல. 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த மதிப்பெண் முறை அது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் நிலைமை மோசம். பைசா செலவில்லாத பரிசோதனை.

★ மண்டைக்குள் கருவி பொருத்தி மூளை அழுத்தத்தை அளந்தால்தான் நல்ல சிகிச்சை என்று நினைக்கிறோமா? பொலிவியா, ஈக்வடார் ஆஸ்பத்திரிகளில் 324 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. கருவி வைத்தவர்களுக்கும், ஸ்கேனும் நேரடிப் பரிசோதனையும் கொண்டு கவனிக்கப்பட்டவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே! கையில் பணமில்லாத நாடுகளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் இது!

★ ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் விலை மலிந்த ஊசி. லேசான, நடுத்தரத் தலைக்காயத்தில் 3 மணி நேரத்துக்குள் போட்டால் உயிரிழப்பு குறைகிறது என்று 2019-ல், 29 நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. தாமதித்தால் பலன் இல்லை.

★ அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்களோ? பயம் வேண்டாம். பெயரைச் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பைச் சேர்த்துவிட்டார்கள்.

★ 2022-ல் ஹெல்மெட் போடாததால் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர்.

★ டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் பில் போடாத செலவு ஆரம்பம். பிசியோதெரபி, வலிப்பு மாத்திரை, கூடவே இருப்பதற்காக வேலையை விட்ட மனைவியின் கூலி. விபத்து இழப்பீட்டு வழக்கில் போக்குவரத்துச் செலவு, சத்தான உணவுக்கு ஆன செலவு, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு வரை கேட்கலாம் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆகவே ஸ்கேன் படம் இருக்கும் அந்த மஞ்சப்பையிலேயே ஆட்டோ ரசீது, மருந்துக்கடை பில், விபத்துப் பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாதீர்கள்.