மின்னஞ்சலைப் பூட்டும் இரட்டைச் சாவி

மின்னஞ்சல் அனுப்புபவரின் கணினியிலிருந்து பெறுபவரின் கணினிக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. இடையில் இரு தரப்பின் சர்வர்களிலும் தங்கிச் செல்கிறது. ஜிமெயில் போன்ற சேவைகள், வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி மடலை மறைத்துத்தான் அனுப்புகின்றன. ஆனால் சர்வரில் வந்து இறங்கியபின் சேவை நிறுவனத்தால் அதைப் படிக்க முடியும். அஞ்சல் பெட்டியின் பாஸ்வேர்டு வேறு ஒருவர் கைக்குப் போனால், அவராலும் முடியும். பத்து வருடக் கடிதப் போக்குவரத்து மொத்தமும் அவர் முன்னால் விரிந்து கிடக்கும்.

அன்னூர், அவிநாசி, சோமனூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கும் இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். கொட்டேஷன், புரோஃபார்மா இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு எண் எல்லாம் மெயிலில்தான் போய் வருகின்றன. பெட்டிக்குள் புகுந்த மோசடிக்காரர் அவசரப்பட மாட்டார். வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பார். பெரிய தொகை வரப்போகும் நேரம் பார்த்து, ‘எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்’ என்று மில்லின் பெயரிலேயே, பணம் செலுத்த வேண்டிய பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) ஒரு மெயில் தட்டிவிடுவார். பழைய இன்வாய்ஸ் எண், மேனேஜரின் நடை, கையொப்ப வரி எதிலும் பிசகு இருக்காது. இந்த வகை மோசடி குறித்து 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்புக்கு 21,489 புகார்கள் வந்தன. இழப்பு சுமார் 290 கோடி டாலர்.

இதற்கு எதிரான பழைய, உறுதியான கருவி பொதுச்சாவி மறையாக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடிச் சாவி உருவாக்கப்படுகிறது. பொதுச்சாவியை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். தனிச்சாவி உரியவரை விட்டு நகரக் கூடாது. பொதுச்சாவியால் பூட்டியது அதன் ஜோடியான தனிச்சாவிக்கு மட்டுமே திறக்கும். அன்னூர் மன்னீஸ்வரர் கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காணிக்கை போடலாம், எடுக்கச் சாவி வைத்திருப்பவர்தான் வர வேண்டும் என்பதைப் போன்றது இது. இதே ஜோடி மறுதிசையிலும் வேலை செய்யும். தனிச்சாவியால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். கடிதத்தில் ஒரு இலக்கம் மாறினாலும் கையொப்பம் பொய்த்துவிடும். அஞ்சல் பெட்டியைத் திருடியவரிடம் தனிச்சாவி இல்லையென்றால் அவரால் கையொப்பமிட முடியாது. ரகசியம் காப்பதற்கு என்றுதான் இந்தத் தொழில்நுட்பம் பெயர் வாங்கியது. கொங்கு வட்டாரத்து வியாபாரத்துக்கு முதலில் தேவைப்படுவது கையொப்பம்தான்.

இதன் கருத்தை 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். மறுவருடம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் அதை நடைமுறைக் கணிதமாக்கினார்கள். ஆர்எஸ்ஏ என்பது அவர்கள் பெயர்களின் முதலெழுத்து. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மகா கடினம் என்பதே அதன் அடித்தளம். எவ்வளவு கடினம் என்பது எண்ணின் நீளத்தைப் பொறுத்தது. 1977இல் அவர்கள் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண், இணையம் வழியாகச் சேர்ந்த தன்னார்வலர்களின் கணினிகளால் 1994இல் உடைக்கப்பட்டது. 2020இல் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. இன்று புழங்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியின் எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

சாதாரண மனிதர் கைக்கு இதைக் கொண்டுவந்தவர் ஃபில் ஜிம்மர்மேன். 1991இல் அவர் இலவசமாக வெளியிட்ட பிஜிபி மென்பொருள் இணையம் வழியாக அமெரிக்காவைத் தாண்டிப் போய்விட்டது. மறையாக்க மென்பொருள்கள் அப்போது அந்நாட்டில் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் இருந்தன. ஜிம்மர்மேன் மீது மூன்று ஆண்டுகள் குற்றவியல் விசாரணை நடந்து, 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிடப்பட்டது. பிஜிபியின் வடிவம் பின்னர் ஓப்பன்பிஜிபி என்ற பொதுத் தரமானது. ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதிய ஜிஎன்யூபிஜி அதே தரத்தில் இயங்கும் கட்டற்ற மென்பொருள். அதன் முதல் முழுப் பதிப்பு 1999இல் வந்தது.

இன்று பயன்படுத்தத் தொடங்குவது சிரமமில்லை. தண்டர்பேர்டு மெயில் மென்பொருளில் 2020 முதல் ஓப்பன்பிஜிபி உள்ளேயே அமைந்திருக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் பகுதிக்குப் போய்ப் புதுச் சாவி ஜோடியை உருவாக்கிக்கொள்ளலாம். விண்டோஸில் தனியாக நிறுவ, ஜிஎன்யூபிஜி அடங்கிய ஜிபிஜி4வின் இருக்கிறது. அதனுடன் வரும் கிளியோபாட்ரா சாவிகளை நிர்வகிக்கும். பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்கு மெயில்வெலப். பூட்டிய கடிதத்தில் உடலும் இணைப்புகளும் மறையும். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது மறையாது. பொருள் வரியைத் தண்டர்பேர்டு மறைத்து மூன்று புள்ளிகளாகக் காட்டும்; பல மென்பொருள்கள் அதை அப்படியே திறந்து வைக்கின்றன. ஆகவே விலையைப் பொருள் வரியில் எழுதக் கூடாது.

சிரமம் சாவியைப் பராமரிப்பதில்தான் தொடங்குகிறது. 1999இல் அல்மா விட்டன், டைகர் என்ற ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேரிடம் பிஜிபியைக் கொடுத்துச் சோதித்தார்கள். தொண்ணூறு நிமிட நேரம் தந்தும் பெரும்பாலோரால் ஒரு கடிதத்தைச் சரியாகப் பூட்டிக் கையொப்பமிட முடியவில்லை. மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். மென்பொருள்கள் அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் ஆட்கள் தடுமாறும் இடம் பெரிதாக மாறவில்லை.

முதல் தடுமாற்றம், கிடைத்த பொதுச்சாவி யாருடையது என்பது. ஓப்பன்பிஜிபி சாவியில் எந்தப் பெயரையும் எந்த மெயில் முகவரியையும் யாரும் எழுதிக்கொள்ளலாம்; மென்பொருள் ஆதார் கேட்பதில்லை. அன்னூர் மில்லின் பெயரில் மோசடிக்காரரே ஒரு சாவி செய்து பையருக்கு அனுப்பினால், பூட்டும் வேலை செய்யும், கையொப்பமும் சரி என்று வரும். கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் என்ற சாவிக் களஞ்சியம் முகவரிக்கு ஓர் இணைப்பை அனுப்பி உறுதிசெய்த பிறகே அந்த முகவரியைத் தேடலில் காட்டுகிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டியே திருடர் கையில் இருந்தால் அந்த இணைப்பையும் அவர்தான் சொடுக்குவார்.

அதற்காகவே ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை என்று ஒன்று உண்டு. பரவலாகப் புழங்கும் சாவிகளில் அது நாற்பது குறியீடுகள். நான்கு நான்காகப் பிரித்தால் பத்துத் தொகுதி. குரல் தெரிந்தவரைப் போனில் கூப்பிட்டு இருவரும் ஒரு முறை வாசித்து ஒப்பிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்தப் போன் எண் பழைய விசிட்டிங் கார்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்; சாவி வந்த அதே மெயிலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. ஒப்பிட்டபின் தண்டர்பேர்டில் ‘நேரில் சரிபார்த்தேன்’ என்ற பொருள் தரும் தேர்வை அழுத்தலாம். இதைத் தவிர்ப்பவருக்கு மறையாக்கம் பொய்யான தைரியத்தைத்தான் தரும்.

அடுத்தது தனிச்சாவியின் காவல். தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு வைக்காவிட்டால், அந்தக் கணினியின் முன் உட்காருபவர் யாரும் பூட்டிய கடிதங்களைத் திறக்கலாம். அதைவிட அதிகம் நடக்கக்கூடியது, சாவியைத் தானே அழித்துக்கொள்வது. கணினி மெதுவாகிறது என்று ஃபார்மேட் போடக் கொடுக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவ் ஆகியவற்றைத்தான் பொதுவாக நகலெடுப்பார்கள். விண்டோஸில் ஜிஎன்யூபிஜி சாவிகள் இருப்பதோ ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள். அது போனால் அந்தச் சாவிக்கு வந்த பழைய கடிதங்கள் எல்லாம் வெறும் எழுத்துக் குப்பை. மறந்த பாஸ்வேர்டை மீட்டுத்தர இங்கே கஸ்டமர் கேர் கிடையாது. எனவே சாவி உருவாக்கிய அன்றே, வலுவான பாஸ்வேர்டுடன் அதை ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும். கூடவே ரத்துச் சான்றிதழையும் வைக்க வேண்டும். சாவி திருடு போனால் ‘இதை இனி நம்பாதீர்கள்’ என்று உலகுக்கு அறிவிக்கும் கோப்பு அது. இன்றைய ஜிஎன்யூபிஜி அதைத் தானாகவே உருவாக்கி வைத்துவிடுகிறது. சாவிக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு காலாவதி வைப்பது நல்லது; தனிச்சாவி கையில் இருக்கும்வரை நீட்டித்துக்கொள்ளலாம். காலாவதியான தனிச்சாவியை அழித்துவிடக் கூடாது. பழைய கடிதங்களைத் திறக்க அதுதான் வேண்டும்.

இதே தொழில்நுட்பத்தை வேறு பெயரில் கொங்கு நாட்டுத் தொழில்துறை ஏற்கெனவே கையாண்டு வருகிறது. கம்பெனிப் பதிவுக்கும் ஜிஎஸ்டிக்கும் அரசு டெண்டருக்கும் பயன்படும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனுக்குள் இருப்பது ஒரு தனிச்சாவிதான். ஓப்பன்பிஜிபியில் ஆளுக்கு ஆள் சரிபார்க்க வேண்டியதை இங்கே உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் செய்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்காக சிசிஏ என்னும் கட்டுப்பாட்டாளர் பதவியை ஏற்படுத்தியது. 2002இல் முதல் உரிமம் சென்னையின் சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சட்டம் மின் கையொப்பம் என்று ஏற்பது இந்த வழியில் வந்த சான்றிதழைக் கொண்டு இட்டதைத்தான். பிஜிபி கையொப்பத்துக்கு அந்தத் தகுதி இல்லை.

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் ஒப்பந்ததாரர் விலைப்புள்ளியை ஏற்றும்போது, அது திறக்கும் அலுவலர்களின் பொதுச்சாவிகளால் பூட்டப்படுகிறது. குறித்த நாளில் அவர்கள் தங்கள் டோக்கன்களைச் செருகினால்தான் திறக்கும். டோக்கனுக்குள் உருவாகும் கையொப்பச் சாவியை வெளியே நகலெடுக்க வழியில்லை. அது தொலைந்தால் புதிது வாங்கினால் போதும். மறையாக்கச் சாவி தொலைந்தால் அதனால் பூட்டப்பட்டவையும் போய்விடும். கையொப்பத்துக்கும் மறையாக்கத்துக்கும் தனித்தனிச் சான்றிதழ் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். மெயில் முகவரி பதிந்த டிஎஸ்சியைக் கொண்டு அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் எஸ்மைம் என்ற மெயில் கையொப்ப முறையில் கடிதத்துக்குக் கையொப்பமிடலாம். வெளிநாட்டுப் பையரின் மென்பொருள் அதை நம்புமா என்பது, இந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான சிசிஏயின் வேர்ச் சான்றிதழை அது ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. 2014 ஜூலையில் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. சிசிஏ அந்தப் பிரிவின் சான்றிதழ்களை உடனே ரத்து செய்தது. அந்தச் சமயத்தில் சிசிஏயின் வேரை மைக்ரோசாஃப்டின் நம்பகப் பட்டியல் ஏற்றிருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியல் ஏற்றிருக்கவில்லை.

இத்தனை ஏற்பாட்டையும் ஒரே பழக்கம் குலைத்துவிடுகிறது. டோக்கனையும் பாஸ்வேர்டையும் ஆடிட்டர் ஆபீஸிலேயே விட்டுவைப்பது நம் ஊர்களில் வெகு சாதாரணம். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் இதற்குத் தயங்குவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தனிச்சாவியைக் காக்கும் கடமையைச் சான்றிதழுக்கு உரியவர் மீது வைக்கிறது. சாவி கைமாறியது தெரிந்தால் சான்றளிப்பு நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டும். சொல்லும்வரை பொறுப்பு அவரையே சேரும்.