பட்டுப்போகவில்லை, காத்திருக்கிறது!



மார்ச் மாதத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் மரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சில மரங்களில் ஓர் இலைகூட இருக்காது. "ஐயோ, இது பட்டுப்போச்சு" என்று சிலர் வெட்டியே விடுவார்கள். அவசரப்படாதீர்கள்! மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு சின்னக் கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் உயிர் இருக்கிறது! காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை மட்டும் காய்ந்திருக்கலாம். இன்னும் கீழே இருக்கும் கிளையையும் சோதித்துப் பாருங்கள்.

உயிரோடு இருக்கும் மரம் ஏன் மொட்டையாக நிற்கிறது? தன் முறை வருவதற்காகக் காத்திருக்கிறது. வகுப்பில் வரிசை எண்படி பெயர் கூப்பிடுவது போல, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பருவம் உண்டு. அந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் வருடம் முழுவதும் தோட்டத்தில் நிறம் இருக்கும்.

வெயில் காலம்

இலைகள் வழியாகத்தான் மரத்தின் நீர் ஆவியாக வெளியேறுகிறது. அதனால் தண்ணீர் குறையும் காலத்தில் குல்மோகரும் சரக்கொன்றையும் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. பிறகு கோடையில் குல்மோகர் சிவப்பாகவும், சரக்கொன்றை மஞ்சள் சரம் சரமாகவும் பூக்கும். இலை மறைக்காததால் தூரத்தில் வரும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பூ நன்றாகத் தெரியும்.

குல்மோகரின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களில் ஒன்று மட்டும் வெள்ளையும் புள்ளியுமாகத் தனியாகத் தெரியும். இந்த மரத்தின் கிளைகள் பலத்த காற்றில் ஒடியும். வேர்களும் மேலாகப் பரவும். அதனால் வீட்டுச் சுவர் ஓரம் நடக்கூடாது. சிறிய இடத்துக்குச் சரக்கொன்றையே நல்லது. அது நம் நாட்டு மரம்.

மழைக் காலம்

நம் மாநில மலர் எது? செங்காந்தள்! கோடையில் போய்த் தேடினால் கொடியே இருக்காது. மண்ணுக்குள் கலப்பை வடிவத்தில் கிழங்கு மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் இதற்குக் 'கலப்பைக் கிழங்கு' என்றும் பெயர். மழை பெய்ததும் முளைத்து, இலை நுனிகளால் வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். பூ முதலில் மஞ்சளாக இருந்து பிறகு சிவப்பாகும். கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை! இந்தச் செடி முழுவதும் கடுமையான விஷம். கிழங்கைத் தோண்டக் கூடாது. எந்தப் பாகத்தையும் வாயில் வைக்கக் கூடாது. தூர நின்று ரசியுங்கள்.

வீட்டில் வளர்க்கக் காசித்தும்பை போதும். மழைக் காலத்தில் விதை போட்டால் சீக்கிரம் பூத்துவிடும். முற்றிய காயைத் தொட்டால் 'டப்' என்று வெடித்து விதை சிதறும்!

பனிக் காலம்

மாதத்தின் பெயரையே வைத்துக்கொண்ட பூ ஒன்று உண்டு. டிசம்பர் பூ! ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பல நிறங்கள். மணம் இல்லை, ஆனாலும் தொடுத்துச் சூடுவார்கள். இளம் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும்.

சாமந்திக்கு நாட்காட்டி எதுவென்று தெரியுமா? இருட்டு! இரவு நீளும்போதுதான் அது மொட்டு விடும். இரவு முழுவதும் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தால் பூக்கத் தாமதிக்கும். பூ தாமதமாக வேண்டும் என்று, இரவில் விளக்கு எரியவிடும் விவசாயிகளும் இருக்கிறார்கள்.

காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் பெருகும். மண் காய்ந்தபின் ஊற்றினால் நிறையப் பூக்கும். நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ணங்கள் இதழ்களே அல்ல, நிறம் மாறிய இலைகள்! நடுவில் வெள்ளையாகச் சின்னதாக இருப்பதுதான் உண்மையான பூ.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறை இலை, மொட்டு, பூ, காய் எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள்.

இது வெறும் விளையாட்டு அல்ல. கேரளத்தில் பள்ளி மாணவர்கள் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்துக்காக இப்படித்தான் மரங்களைக் கவனித்து எழுதுகிறார்கள். அங்கே ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கொன்றைப் பூ வேண்டும். இப்போது பல இடங்களில் அதற்கு முன்பே பூத்துவிடுகிறது. பருவம் மாறுகிறதா என்று அறிய, வருடம் வருடமாக எழுதிய குறிப்பு வேண்டும். உங்கள் தெரு மரத்துக்கு அதை எழுதி வைக்க உங்களைவிடச் சிறந்தவர் யார்?

அடுத்த முறை யாராவது மொட்டை மரத்தைக் காட்டி, "வெட்டிடலாமா?" என்று கேட்டால், உங்கள் நோட்டை நீட்டுங்கள். "இல்லீங்க, போன வருஷமும் இப்படித்தான் நின்னுச்சு. மே மாசம் பூத்துச்சு!" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.